நானாவின் வயிற்றில் இருந்தது காற்று அல்ல

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் புடவைக் கடை வைத்திருக்கும் ஜெய்னுதீனை நாங்கள் எல்லாரும் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் குடும்பத்தில் அண்ணனுக்கு அதுதான் சொல். அறுபதைத் தொடப்போகும் வயது. நெட்டையான, ஒல்லியான ஆள். நடந்தாலும் நின்றாலும் வலது கை மேல்வயிற்றில்தான் இருக்கும். உள்ளே எதையோ வைத்துக்கொண்டு அது தப்பி ஓடிவிடாதபடி காவல் காப்பவர் மாதிரி. எதிர்வரிசையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நான் அந்தக் கையைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உலகத்தில் மனிதனுக்கு வரும் எல்லாக் கோளாறுக்கும் நானாவிடம் ஒரே விளக்கம்தான். காற்று.

பக்கத்துப் பூக்கடை வாசுவுக்குக் கால் சுளுக்கியபோது, "காத்து புகுந்திருச்சு லா, வேற ஒண்ணுமில்ல" என்றார். என் கடைக்குத் தலைவலியோடு வந்த ஒரு பெண்ணைப் பாதி வழியிலேயே மறித்து, "கண்ணாடியெல்லாம் வேணாம் ஆச்சி, தலையில காத்து" என்று சொல்லி அனுப்பிவைத்தார். அந்த வியாபாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் வயிற்றில் இருந்ததும் அவர் கணக்குப்படி காற்றுதான். மற்றவர்களுக்கெல்லாம் வந்துபோகும் காற்று அவர் வயிற்றில் மட்டும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அதற்காக அவர் தேய்க்காத தைலம் இல்லை. கடைக்குள் நுழைந்தாலே யூகலிப்டஸ் வாசம் மூக்கில் ஏறும். பட்டுப் புடவைகள் எத்தனை உறைக்குள் இருந்தாலும் அந்த வாசத்தை விடாமல் உறிஞ்சிவைத்திருக்கும். கிள்ளானில் எத்தனையோ மணப்பெண்கள் மேடையில் லேசான தைல மணத்தோடு தாலி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் குறை சொன்னதில்லை. மாப்பிள்ளைகளுக்கு ஜலதோஷம் வராமல் இருந்திருக்கும்.

கல்லாவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். வயிறு காலியானால் வலி வரும், ரெண்டு பிஸ்கட் உள்ளே போனால் அடங்கும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வரும். இதை வைத்து வாசு அவரை விடமாட்டான்.

"நானா, நீங்க புடவை விக்கிறீங்களா, பிஸ்கட் விக்கிறீங்களா?"

"உனக்கென்ன தெரியும்? பிஸ்கட்டு காத்தை அமுக்கும் லா."

கிளினிக் போகாதவர் என்று சொல்ல முடியாது. கிள்ளானில் அவர் ஏறாத கிளினிக் குறைவு. ஆனால் உட்கார்ந்த உடனே, "டாக்டர், எனக்கு காத்துத் தொல்லை. மருந்து கொடுங்க" என்று நோயையும் அவரே சொல்லி, மருந்தையும் அவரே சொல்லிவிடுவார். அவர்களும் சப்பித் தின்கிற வெள்ளை மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மனைவி ரம்லத்துக்கு மட்டும் இதில் திருப்தி இல்லை. வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கச் சொல்லி வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"குழாயை உள்ள விட்டா, அது வழியா இன்னும் காத்து போவும். உனக்கு புத்தி இருக்கா?" என்பது நானாவின் பதில்.

இப்படியே போயிருக்கும். போன தீபாவளிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அல்லது சரிசெய்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எங்கள் சாலையில் நிற்க இடம் இருக்காது. கூடாரம் கூடாரமாக முறுக்கும் வளையலும் மின்விளக்கும். நானா காலையிலிருந்து நின்றுகொண்டே புடவை விரிப்பார். அந்த வருஷம் முட்டி வலி வேறு. மருந்துக்கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கி, மூன்று வேளையும் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு நேரம் கிடைக்காததால் வெறும் வயிற்றில் அதைப் போட்டு, மேலே ஒரு பிஸ்கட்டையும் போட்டுக்கொள்வார்.

அன்று மதியம் காப்பாரிலிருந்து வந்த ஒரு அம்மாள் கடுகு நிறத்தில் புடவை கேட்டார். மஞ்சளும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் சரியான கடுகு நிறம் வேண்டுமாம். நானா ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு புடவைக் கட்டை இறக்கினார். இறங்கும்போதே முகம் வெளுத்து, வேர்வை கொட்டியது. "காத்து..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. விரித்துப் போட்டிருந்த பட்டுக் குவியல் மேல் அப்படியே சாய்ந்தார்.

விழுந்த இடம் மெத்தென்று இருந்ததால் எலும்பு எதுவும் உடையவில்லை. காப்பார் அம்மாள் பயந்து அலறினார். அலறி முடித்ததும், நானாவின் தலைக்கு அடியில் இருந்ததுதான் தான் தேடிய கடுகு நிறம் என்பதைக் கவனித்துவிட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரம்லத் அப்போதுதான் சோற்றுப் பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்தார். வாசு ஈரக் கையோடு ஓடிவந்தான். ஆம்புலன்ஸ் அந்தக் கூட்டத்துக்குள் நுழையாது என்று, நானும் அவனும் நானாவைத் தூக்கி அவன் பூ வேனில் மல்லிகைக் கூடைகளுக்கு நடுவில் படுக்கவைத்தோம். ஆஸ்பத்திரியில் தலையெல்லாம் மல்லிகையோடு வந்து இறங்கியவரைப் பார்த்து, ஒரு மலாய் நர்ஸ் கல்யாண வீட்டிலிருந்து நேராக வருகிறாரா என்று கேட்டாராம்.

இதற்கு மேல் நடந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. ஆனால் நானா எங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் என்றால், இப்போது எனக்கே அங்கு இருந்தது போல்தான் இருக்கிறது. அவர் விட்டதை ரம்லத் சேர்த்துச் சொல்வார்.

அவரைப் பார்த்த டாக்டர் பெயர் விஷ்ணுப்ரியா. சின்ன வயது, நிதானமான பேச்சு. ரத்த அளவைப் பார்த்துவிட்டு, "அங்கிள், கொஞ்ச நாளா வெளிய போறது கறுப்பா இருக்கா? தார் மாதிரி?" என்று கேட்டார்.

"அது சோத்தோங் டாக்டர்" என்றார் நானா படுத்த வாக்கிலேயே, கணவாய் மீனைச் சொல்லி. "மையோட சேத்து சமைச்சா அப்படித்தான் போவும்."

"சோத்தோங் சமைச்சு மாசம் ஆவுது" என்றார் ரம்லத்.

டாக்டர் சிரிக்கவில்லை. கறுப்பாகப் போனது மையல்ல, வயிற்றுக்குள் கசிந்த ரத்தம். அவசரமாக ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் காலையில், இத்தனை வருஷம் தப்பித்துவந்த அந்தக் குழாயும் உள்ளே போனது. இரைப்பையைத் தாண்டிக் குடல் தொடங்கும் இடத்தில் ஒரு புண். அதன் நடுவில் ஒரு ரத்தக்குழாய் கசிந்துகொண்டிருந்தது. அங்கேயே ஒரு சின்ன கிளிப் போட்டு அடைத்தார்கள். அப்படியே இரைப்பையின் உட்சுவரிலிருந்து ஒரு பொட்டுச் சதையைக் கிள்ளி, மஞ்சளாக இருந்த ஒரு சோதனைச் சில்லில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மஞ்சள் இளஞ்சிவப்பாகிவிட்டது. கிருமி இருந்தால் அப்படித்தான் மாறுமாம்.

சாயங்காலம் டாக்டர் வந்து, குழாயில் எடுத்த படத்தைக் காட்டினார். தன் வயிற்றின் உள்பக்கத்தை நானா முதன்முதலாகப் பார்த்தார். துணிக்காரர் அல்லவா, "நல்ல மாம்பழக் கலர்ல இருக்கே" என்றார். அப்புறம் புண்ணைப் பார்த்ததும் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க வயித்துல ஒரு கிருமி இருக்கு அங்கிள். ஹெலிகோபாக்டர்னு பேரு. இந்தப் புண்ணுக்கு அதுதான் முக்கிய காரணம். அது மேல நீங்க போட்ட முட்டி வலி மாத்திரை சேந்து ரத்தத்தைக் கசிய விட்டுருச்சு."

"அப்ப காத்து இல்லையா?"

"காத்து இல்ல."

"ஏப்பம் வருதே?"

"ஏப்பம் வரும்."

"அப்ப காத்தும் இருக்கு" என்றார் நானா. ரத்தம் ஏறாத மறுகையால் ரம்லத்தைச் சுட்டி, "கேட்டுக்க" என்றும் சொன்னார். அதோடு நிற்காமல், "குழாய் விடும்போது நீங்களும் உள்ள காத்து அடிச்சீங்கதானே?" என்றார். வயிறு விரிந்தால்தான் பார்க்க முடியும் என்பதால் அடித்தது உண்மைதான் என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். அன்று நானாவுக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது.

ஆனாலும் ஒரு சந்தேகம் அவரைக் குடைந்தது. "வயித்துல ஆசிட் இருக்கு, அதுல எல்லாக் கிருமியும் செத்துப்போவும்னு எங்க ஸ்கூல் வாத்தியார் சொன்னாரு. இது மட்டும் எப்படி உயிரோட இருக்கு?"

"டாக்டருங்களே ரொம்ப காலம் அப்படித்தான் நெனச்சாங்க" என்று விஷ்ணுப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்தக் கிருமி ஒரு வேலை பண்ணுது. நம்ம வயித்துல கொஞ்சம் யூரியா இருக்கும். அதை உடைச்சு அம்மோனியா ஆக்கிடும். தன்னைச் சுத்தி இருக்கிற ஆசிட்டை அது முறிச்சிடும். அந்த நேரத்துக்குள்ள வேகமா நீந்திப் போயிடும். அதுக்கு வால் இருக்கு, உடம்பு திருகாணி மாதிரி இருக்கும். வயித்துச் சுவர் மேல வழவழன்னு ஒரு சளிப் படலம் இருக்கில்ல? ஆசிட் நம்ம வயித்தையே தின்னுடாம இருக்க வெச்ச படலம். அதைத் துளைச்சிக்கிட்டு அடியில போய், சுவர்ல ஒட்டிக்கும். அங்க ஆசிட் தொல்லை கம்மி."

"நம்மளக் காப்பாத்த வெச்ச போர்வைக்குள்ள அது போய்ப் படுத்துக்குதா?"

"அப்படியே வெச்சுக்குங்க."

"உடம்பு சும்மாவா இருக்கும்?"

"இருக்காது. வெள்ளை அணுவையெல்லாம் அனுப்பும். ஆனா அதுங்களால கிருமி ஒளிஞ்சிருக்கிற இடத்துக்குச் சரியா போக முடியாது. வந்த இடத்துலயே சண்டை போடும். வருஷக்கணக்கா. கிருமி விடுற நஞ்சு ஒரு பக்கம், இந்தச் சண்டை ஒரு பக்கம். அடி வாங்குறது சுவர்தான். அப்புறம் ஆசிட் அதிகமா ஊறி, பலவீனமான இடத்துல புண்ணாக்கிடும்."

"இவரு மாதிரிதான்" என்றார் ரம்லத். "கஸ்டமர் மேல கோவம் வரும். அவங்களை ஒண்ணும் செய்ய முடியாது. வீட்டுக்கு வந்து என்கிட்ட காட்டுவாரு."

இது எப்போது உள்ளே வந்தது என்று நானா கேட்டார். ஏதாவது ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டது என்று சொன்னால், கடையின் பெயரையும் சேர்த்து ஊரெல்லாம் பரப்பத் தயாராக இருந்தார். ஆனால் டாக்டர் சொன்னது வேறு. பெரும்பாலும் சின்ன வயதிலேயே, குடும்பத்துக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளுமாம். ஒருத்தர் வாயிலிருந்து இன்னொருத்தருக்கு, அல்லது சுத்தமில்லாத தண்ணீர் வழியாக. எந்த வழி என்று திட்டமாகச் சொல்ல முடியாதாம். வந்துவிட்டால் அதுவாகப் போகாது.

நானா வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸில், வாப்பாவின் சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில். மூன்று பிள்ளைகள். பெரியவர் இல்யாஸ், நடுவில் இவர், கடைசி ஷிரீன். ஒரே சஹன் தட்டில் சோற்றைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஒருவர் கடித்த மாங்காயை மற்றவர் பிடுங்கித் தின்பார்கள்.

"எங்க அண்ணன்" என்றார். "வயித்துல புத்துநோய் வந்து மவுத்தாயிட்டாரு."

டாக்டர் படத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "இந்தக் கிருமி இருக்கிற நிறையப் பேருக்கு ஒண்ணுமே ஆகாது அங்கிள். சில பேருக்குப் புண் வரும். ரொம்பக் கொஞ்சம் பேருக்கு அது புற்றுநோய்ல போய் முடியும். உங்க அண்ணனுக்கு இதனாலதானான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. ஆனா கூடப்பொறந்தவங்க வேற யாராவது இருந்தா, டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

ரம்லத் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார்.

காரணம் இருந்தது. இல்யாஸ் கடைசி மாதங்களில் சுபாங் ஜெயாவில் ஷிரீன் வீட்டில்தான் படுத்திருந்தார். ஷிரீன் தன் ஏர்கோன் அறையையே அவருக்குக் கொடுத்து, கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டார். அடக்கம் முடிந்து எல்லாரும் கூடியிருந்த இடத்தில் நம் நானா வாயைத் திறந்தார். "ஏர்கோன்ல படுக்கவெச்சு காத்தை ஏத்திட்டா. இல்லன்னா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு." அன்று முதல் ஷிரீன் அவரோடு பேசவில்லை. ஊரே நானா என்று கூப்பிடும் மனிதரை, உண்மையிலேயே நானா என்று கூப்பிட வேண்டிய ஒரே ஆள் கூப்பிடாமல் இருந்தார்.

வீடு திரும்பியதும் ரம்லத்தையும் சோதித்தார்கள். அவருக்குக் குழாய் இல்லை. ஒரு மருந்தைக் குடித்துவிட்டுப் பைக்குள் ஊத வேண்டும். கிருமி இருந்தால் மூச்சே காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுத்தது. உடனே வீட்டில் யார் யாருக்குக் கொடுத்தது என்ற விசாரணை தொடங்கியது.

"என் வயித்துல இத்தனை வருஷமா ஒரு வலியும் இல்ல. இது நீங்க போட்ட சீதனம்தான்" என்றார் ரம்லத்.

"உனக்கு வலி இல்லன்னா, உன் கிருமிக்கு உன்னைப் பாத்து பயம் லா."

இருவருக்கும் ஒரே மருந்து. ரெண்டு வகை ஆன்டிபயாடிக், கூடவே ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை, ரெண்டு வாரம். வாயில் சதா தகரத்தை நக்குவது போல ஒரு ருசி. தே தாரிக் டீ குடித்தால்கூட ஆணி ஊறிய தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று நானா வாசுவிடம் புலம்பினார். ரம்லத் ஒரு வேளையும் தவறாமல் விழுங்கினார். நானாவுக்கோ ஒரு வாரத்திலேயே வலி போய்விட்டது. கை தானாகவே வயிற்றிலிருந்து கீழே இறங்கியது. அந்த நேரம் பார்த்து ஷா ஆலத்தில் ஒரு கல்யாண விருந்து. நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் தகர ருசியில் வீணாவதை அவர் மனம் ஏற்கவில்லை. "எல்லாம் செத்திருக்கும் லா" என்று மிச்ச மாத்திரையை அலமாரியில் தள்ளிவிட்டார்.

செத்ததா என்று பார்க்க, சில வாரம் கழித்து இருவரும் பையில் ஊதினார்கள். ரம்லத்திடம் ஒன்றும் இல்லை. நானாவிடம் அப்படியே இருந்தது.

"மெஷின்ல கோளாறா டாக்டர்?"

"மாத்திரை எல்லாத்தையும் முடிச்சீங்களா அங்கிள்?"

நானா சுவரில் தொங்கிய கல்லீரல் படத்தை ரொம்ப அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்.

"பாதியில நிறுத்தினா இதுதான் நடக்கும்" என்றார் டாக்டர். "மருந்துக்குத் தாங்காததெல்லாம் மொதல்ல செத்துடும். தாங்குறது மிஞ்சும். மிஞ்சினது பெருகும். இப்ப உங்க வயித்துல இருக்கிறது பழைய கிருமியை விடக் கெட்டி. வேற மருந்துதான் போடணும். இன்னும் நெறைய."

அந்த இரண்டாவது சுற்று முழுக்க ரம்லத் மாத்திரையைத் தன் கையாலேயே கொடுத்தார். விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். கடையில் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே. மணப்பெண்ணுக்குப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம் அதைப் பார்த்து, பெண்ணிடம் "பாத்து கத்துக்க" என்று சொன்னதாகக் கேள்வி.

இதற்குள் நானா ஆளே மாறிவிட்டார். தப்பாக நினைக்காதீர்கள். பேச்சு குறையவில்லை, காற்று இருந்த இடத்தில் கிருமி வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். வாசுவுக்கு மறுபடியும் கால் சுளுக்கியது.

"கிருமியா இருக்கும் லா. டெஸ்ட் எடு."

"கால்லயா நானா?"

"திருகாணி மாதிரி இருக்கும். எங்க வேணா போவும்."

டாக்டர் சொன்னதை அவர் எங்கள் சாலை முழுக்கப் பாடம் எடுத்தார். அம்மோனியா என்ற சொல் முறுக்குக் கடை வரை போய்விட்டது. ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை. அந்த ஒரு ஆளுக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"வாசு காலுக்கு கிருமி பாத்தது போதும்" என்றார் ரம்லத் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "கூடப்பொறந்தவ வயித்தை எப்ப பாக்கப் போறீங்க? அவளும் சின்ன வயசிலேந்து வயித்து வலி, கேஸ்திரிக்குன்னு மாத்திரை முழுங்கிட்டுத்தானே இருக்கா?"

அன்றே சுபாங் ஜெயாவுக்குப் போனார்கள். ஷிரீன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றவர். கேட்டைப் பாதி திறந்து, ரம்லத்தைப் பார்த்து, "வாங்க மச்சி" என்று அண்ணி முறை சொல்லி அழைத்தார். பக்கத்தில் நின்ற நெட்டையான ஆளைப் பார்க்கவில்லை.

நானா வாசலிலேயே தொடங்கிவிட்டார். கிருமி, வால், அம்மோனியா, சளிப் படலம். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது. ஷிரீன் கேட்டைப் பிடித்தபடி முழுசாகக் கேட்டார்.

"மச்சி, இவரு எப்ப டாக்டர் ஆனாரு?" என்று ரம்லத்திடம் கேட்டார். "முன்ன காத்துன்னாரு. இப்ப கிருமியா?"

நானாவுக்கு ஒத்திகை பார்த்ததெல்லாம் தீர்ந்துபோனது. வெயிலில் நின்றுகொண்டு செருப்பைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு, ஷிரீன்" என்றார். "ஏர்கோன்ல ஒண்ணும் இல்ல. காத்தும் இல்ல. அவரு வயித்துல என்ன இருந்துச்சோ, அது நாம ஒண்ணா உக்காந்து சாப்பிட்ட காலத்துலயே வந்திருக்கலாம். உன்னால ஒண்ணும் ஆவல. நீ பாத்துக்கிட்டதாலதான் அவரு அவ்வளவு நாள் இருந்தாரு."

ஷிரீன் உள்ளே போனார். கேட் திறந்தே இருந்தது. இவர்களும் பின்னால் போனார்கள். ஹாலில் ஷிரீன் ரிமோட்டை எடுத்து, ஏர்கோனை முழு வேகத்தில் வைத்தார். அதற்கு நேர் கீழே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

நானா உட்கார்ந்தார்.

தேநீர் வந்தது. குளிர் காற்று உச்சந்தலையில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை. ரம்லத்தும் ஷிரீனும் பிள்ளைகளைப் பற்றி, சாமான் விலையைப் பற்றி, யார் வீட்டு நிக்காஹ் பற்றியெல்லாம் சாவகாசமாகப் பேசினார்கள். அவர் மூக்கு நுனி சிவந்து, தும்மல் வந்தபோது ஷிரீன் முதன்முறையாக அவர் பக்கம் திரும்பினார்.

"குளிருதா நானா?"

"இல்லம்மா. நல்லா இருக்கு" என்றார் அவர். இன்னொரு தும்மல்.

அப்போதுதான் ஷிரீன் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏர்கோனைக் குறைக்கவில்லை. ஆனால் அந்த டாக்டரின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஷிரீனுக்கும் கிருமி இருந்தது. அண்ணன் புற்றுநோயில் இறந்ததால் குழாய் விட்டும் பார்த்தார்கள். வயிற்றுச் சுவர் சில இடங்களில் பழைய துணி மாதிரி தேய்ந்து மெலிந்திருந்தது. புற்று எதுவும் இல்லை. தேய்மானம் இன்னும் ஆபத்தான கட்டத்துக்குப் போகவில்லை, கிருமியை ஒழித்துவிட்டு அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர் விஷ்ணுப்ரியா. கணக்கு டீச்சர் ஆயிற்றே, ஷிரீன் மாத்திரையில் ஒன்றைக்கூட விடவில்லை. அதைத் தினமும் போன் போட்டு அண்ணனிடம் சொல்லவும் தவறவில்லை. இத்தனை வருஷம் பேசாமல் இருந்ததற்கு வட்டியோடு சேர்த்துப் பேசினார்.

நானா கடைசியாகப் பையில் ஊதியது நோன்பு மாதம் பிறப்பதற்குச் சில நாள் முன்னால். இந்த முறை மூச்சில் ஒன்றும் இல்லை. முடிவைக் கேட்டுவிட்டு அவர் துள்ளிக் குதிப்பார் என்று டாக்டர் எதிர்பார்த்திருக்கலாம். நானாவோ, "அத்தனையும் போயிருச்சா? ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்தது போனால் யாருக்கும் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும்.

முதல் நோன்பு அன்று சாயங்காலம், அஸர் தொழுகை முடிந்த நேரம். தன் மூக்குக் கண்ணாடியின் திருகு கழன்றதற்கு ரம்லத் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் அவர்கள் கடையில் உட்கார்ந்து அதை முடுக்கிக்கொண்டிருந்தேன். புடவைகளை மடித்துக்கொண்டிருந்த நானா திடீரென்று நிறுத்திவிட்டு நின்றார்.

"என்ன?" என்றார் ரம்லத். குரலில் சட்டென்று ஒரு பயம்.

"ஒண்ணுமில்ல. பசிக்குது."

"நோன்பு நாளு. பசிக்காம என்ன பண்ணும்?"

"இல்ல லா" என்றார் அவர். அந்த நெட்டை மனிதரின் முகத்தில் ஒரு குழப்பம். "வெறும் பசி. எரியல, கிள்ளல, முறுக்கல. வெறுமனே பசிக்குது. எல்லாருக்கும் இப்படித்தான் பசிக்குமா?"

ரம்லத் கேலி செய்வார் என்று நான் திருகாணியை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். அவரோ கணவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்படித்தான் பசிக்கும்" என்றார் பிறகு. "நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். அந்த ஊதாப் புடவையை எடுத்துக் கொடுங்க, மடிச்சு வைப்போம்."